கழுத்து வலியும் ஒரு பட்டப்பெயரும்

போன தீபாவளி விடுமுறைக்கு என் பேத்தி விடுதியிலிருந்து வந்து இறங்கியபோது கழுத்தில் பட்டை போட்டிருந்தாள். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பத்தொன்பது வயது. எங்கள் காலை நடைப்பயிற்சிக் கூட்டத்தில் நாலு பேருக்கு ஒருவர் இந்தப் பட்டையை ஒரு காலத்தில் போட்டுக் கழற்றியவர்கள்தான். ஆனால் அவர்களுக்கெல்லாம் அறுபது தாண்டிய வயது. பத்தொன்பதில் பார்த்தது எனக்கு இதுவே முதல் தடவை.

"எப்பப் பாத்தாலும் போனைக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தா வேற என்ன வரும்?" என்று ஆரம்பித்தேன். முப்பத்து நாலு வருடம் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தவன். மாணவர்கள் வாயில் 'பி.டி. சார்'. "நிமிர்ந்து நில், நெஞ்சை நிமிர்த்து, தோளைப் பின்னால் இழு" என்று நான் சொன்ன தடவைகளை எண்ணினால் லட்சத்தைத் தாண்டும். அந்த நாலு நாளும் பேத்தியிடம் அதையேதான் சொன்னேன். சாப்பிடும்போது, டி.வி. பார்க்கும்போது, படிக்கும்போது, "கண்ணு, நிமிர்ந்து உட்காரு."

ஐந்தாம் நாள் அவள் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, நீங்க சொல்லச் சொல்லத்தான் ரொம்ப வலிக்குது."

என் மனைவி அவளை அதட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் இதே மாதிரி ஒரு வார்த்தையை இதற்கு முன்பும் ஒருவரிடமிருந்து கேட்டிருக்கிறேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், மாணவர்களின் கழுத்தைப் பற்றிப் பெரியவர்கள் எத்தனை காலமாகக் கவலைப்பட்டு வருகிறார்கள், அந்தக் கவலையில் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று இந்த மாதங்களில் தேடிப் படித்ததைச் சொல்ல வேண்டும். படிக்கப் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

முதலில் கழுத்து. நம் கழுத்தில் ஏழு எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான், அளவுதான் பெரிது. இந்த ஏழு எலும்புகளும் அவற்றைச் சுற்றியுள்ள தசைகளும் சுமார் ஐந்து கிலோ எடையுள்ள தலையை நாள் முழுக்கத் தாங்குகின்றன. தலை நேராக இருக்கும்போது எலும்பு தாங்குகிறது. முன்னால் சாயச் சாயப் பின்கழுத்துத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொள்வதற்கும் கையை நீட்டிப் பிடித்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

படிப்பவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் வரும் உடல் உபாதைகளை முறையாக எழுதி வைத்தவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. ஒவ்வொரு தொழிலுக்கும் வரும் நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1700-இல் வெளியானது. 1713-இல் விரிவாக்கிய பதிப்பு வந்தது. எழுத்தர்களின் நோய்க்கு அவர் மூன்று காரணங்கள் சொல்கிறார். ஒன்று, ஓயாமல் உட்கார்ந்திருப்பது. இரண்டு, கையை ஒரே மாதிரி விடாமல் அசைப்பது. மூன்றாவதுதான் என்னை நிறுத்தியது: கணக்கில் தப்பு வந்துவிடுமோ, எஜமானனுக்கு நஷ்டம் வந்துவிடுமோ என்று மனத்துக்குள் இருக்கும் இறுக்கம். முந்நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் உடம்பின் வலிக்கு மனத்தின் பயத்தையும் காரணமாக எழுதி வைத்திருக்கிறார். பிறகு வந்தவர்கள் முதல் இரண்டையும் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

1741-இல் பிரான்சில் நிக்கோலா ஆன்ட்ரி என்ற மருத்துவர் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளைகளின் உடம்பு கோணாமல் நேராக வளர்ப்பது எப்படி என்று பெற்றோருக்குச் சொல்லும் நூல். கிரேக்கத்தில் 'நேர்', 'குழந்தை' என்னும் இரண்டு சொற்களை ஒட்டி அவர் வைத்த பெயர்தான் 'ஆர்த்தோபீடிக்ஸ்'. இன்று நாம் எலும்பு மருத்துவரைச் சொல்லும் சொல் அங்கே பிறந்தது. அந்த நூலில் ஒரு படம்: கோணலாக வளர்ந்த ஓர் இளமரத்தை நேரான கம்பு ஒன்றோடு கயிற்றால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். இன்றைக்கும் பல நாடுகளில் எலும்பு மருத்துவர் சங்கங்களின் சின்னம் அதுதான். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று நாம் சொல்வதற்குப் பக்கத்து வீட்டுக் கருத்து.

கயிற்றோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்ட்சிக் நகரத்தில் மோரிட்ஸ் ஷ்ரேபர் என்ற மருத்துவர் இருந்தார். உடற்பயிற்சியைப் பரப்பியவர். பிள்ளைகள் குனிந்து எழுதாமலிருக்க மேசையில் மாட்டும் ஓர் இரும்புச் சட்டத்தை உருவாக்கினார். குனிந்தால் அது மார்பின் மேற்பகுதியில் அழுத்தும். தன் பிள்ளைகள் மேலேயே இந்த மாதிரிக் கருவிகளை உபயோகித்தார். அவருடைய மகன்களில் ஒருவர், டேனியல் பால், படித்து நீதிபதி ஆனார். நடுவயதில் மனநலம் குன்றி வருடக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தார். தன் அனுபவத்தை 1903-இல் நூலாக எழுதினார். மார்பை ஏதோ நெரிப்பது போலவும் தலையை ஏதோ இறுக்குவது போலவும் தனக்குத் தோன்றியதை அதில் சொல்கிறார். தந்தையின் கருவிகள்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வரிகளைப் படித்துவிட்டு 'நிமிர்ந்து உட்காரு' என்று யாரிடமும் சுலபமாகச் சொல்ல வரவில்லை.

இந்தக் கவலை பல்கலைக்கழகங்களுக்குள் பெரிய அளவில் நுழைந்தது அமெரிக்காவில். ஹார்வர்டில் 1879-இல் புதிய உடற்பயிற்சிக் கூடம் ஒன்று வந்தது. அதன் பொறுப்பாளர் டட்லி சார்ஜென்ட், மாணவர்களின் உயரம், மார்பளவு, கை கால் அளவு எல்லாவற்றையும் நாடா வைத்து அளந்து பதிவு செய்தார். 1914-இல் ஜெஸ்ஸி பேன்கிராஃப்ட் என்ற உடற்கல்வியாளர் முன்னின்று நிமிர்ந்த தோற்றத்துக்காகவே ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார். 1917-இல் லாயிட் பிரவுன் என்ற மருத்துவர், ஹார்வர்டில் முதலாண்டு சேர்ந்த எழுநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சோதித்து ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்தார். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மாணவர்களின் நிற்கும் விதம் சரியில்லை என்று முடிவு வந்தது.

அது உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். நாட்டின் தலைசிறந்த பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள் கூன் போட்டு நிற்கிறார்கள் என்றதும் பெரியவர்கள் பதறினார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு ஒரு 'குறை' இருக்கிறதென்றால் அது குறைதானா, அளவுகோல்தான் தப்பா என்று நின்று யோசிக்கவில்லை. உடம்பு கூனினால் ஒழுக்கமும் கூனும், தன்னம்பிக்கையும் கூனும் என்று நம்பினார்கள்.

அடுத்து நடந்தது, என் வயதுக்காரர்களுக்குப் படிக்கச் சங்கடமாக இருக்கும். ஹார்வர்டு, யேல், வாசர், ஸ்மித், வெல்லெஸ்லி என்று பெயர்பெற்ற பல கல்லூரிகளில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 1960-கள் வரை, புதிதாகச் சேரும் மாணவ மாணவியரை நிறுத்தி வைத்துத் தோற்றப் புகைப்படம் எடுத்தார்கள். பல இடங்களில் ஆடையின்றி, அல்லது ஏறக்குறைய அப்படி. யேலில் முதுகெலும்பு நெடுக உலோக ஊசிகளை ஒட்டிப் படம் எடுத்தார்கள். ஊசிகள் சாய்ந்திருக்கும் கோணத்தை வைத்து முதுகின் வளைவைக் கணக்கிடலாமாம். தேறாதவர்கள் தோற்றத்தைச் சரிசெய்யும் தனி வகுப்புக்குப் போக வேண்டும். பட்டம் வாங்க வந்த பிள்ளைகள். சொந்த ஊரில் முதல் மாணவனாக, முதல் மாணவியாக இருந்துவிட்டு வந்தவர்கள். கல்லூரியில் அவர்களுக்குக் கிடைத்த முதல் மதிப்பெண் அவர்களுடைய முதுகுக்கு.

வில்லியம் ஷெல்டன் என்பவர் இந்தப் படங்களை வைத்து, உடலமைப்பைப் பார்த்தே ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கொள்கை கட்டினார். அறிவியல் உலகம் பிற்பாடு அதைத் தள்ளிவிட்டது. 1950-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவிகளைப் படம் எடுத்தபோது, ஒரு பெண் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையிலேயே வழக்கறிஞர்களும் பல்கலைக்கழக அதிகாரிகளும் வந்து அந்தப் படங்களைக் கைப்பற்றி எரித்தார்கள். மற்ற இடங்களில் யாரும் கேட்கவில்லை. 1995-இல் ரான் ரோசன்பாம் என்ற பத்திரிகையாளர் நியூயார்க் டைம்ஸ் இதழில் விரிவாக எழுதிய பிறகுதான், ஆவணக் காப்பகத்தில் மிச்சமிருந்த யேல் படங்களை அழித்தார்கள். அதற்குள் அந்த மாணவர்களில் பலர் தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். நாற்பது வருடம் கழித்தும் அந்த ஒரு நாள் அவர்களுக்கு நினைவிருந்தது. ஏன் அன்று மறுத்துப் பேசவில்லை என்றால், எல்லாரும் வரிசையில் நின்றார்கள், நாங்களும் நின்றோம் என்பதுதான் பதில். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை வேறு என்ன செய்யும்?

அமெரிக்காவில் நடந்ததற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உண்டு. நம் ஊரில் உடற்கல்வி என்ற படிப்பே அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் ஓர் அமெரிக்கர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப்போன மேலாளர். நம் நாட்டு விளையாட்டுக்கு அவர் செய்தது பெரிய தொண்டு, அதில் சந்தேகமில்லை. அந்தக் கல்லூரியில் பயின்ற ஓர் ஆசிரியரிடம்தான் நான் என் பள்ளி நாட்களில் பாடம் கேட்டேன். பிறகு நானும் உடற்கல்வி படித்தபோது, பாடத்தில் 'நிற்கும் தோற்றம்' என்று ஒரு பகுதி இருந்தது. தூக்குக்குண்டு கட்டின நூலைத் தொங்கவிட வேண்டும். காது, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஏ, பி, சி, டி. கொத்தனார் சுவரைப் பார்ப்பது போல மனிதனைப் பார்க்கும் வித்தை.

அதற்கு முன் நம் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதினார்கள். பிறகு ஓலை. ஓலையை மேசையில் வைத்து எழுதுவதில்லை. இடது கையில் ஏந்தி, வலது கையில் எழுத்தாணி பிடித்து எழுதுவது. படித்ததை எழுந்து நின்று உரக்கச் சொல்ல வேண்டும். வாத்தியார் அடியும் தண்டனையும் கடுமையாக இருந்தன. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மணிக்கணக்கில் குனிந்து எழுதும் பழக்கம் தாளும் பேனாவும் எழுத்துத் தேர்வும் பரவியபோது வந்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. தேர்வு வந்தது. 'பி.ஏ. ஃபெயில்' என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டவர்களை நம் தாத்தாக்கள் பார்த்திருக்கிறார்கள். குனிவதற்குக் கூடவே பயமும் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு 'நெஞ்சை நிமிர்த்து' என்று சொன்ன அதே ஊரில்தான், 'குனிந்த தலை நிமிராமல் காலேஜுக்குப் போய் வருவாள்' என்பது பெண்ணுக்குக் கொடுத்த நற்சான்றிதழ். பெண் பார்க்க வந்தவர்களிடம் என் தங்கையைப் பற்றி என் அம்மா சொன்ன முதல் வாக்கியமே அதுதான். உயரமான பெண் என்றால் இன்னும் கஷ்டம். மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்று பயந்து அவளே தோளைக் குறுக்கிக்கொள்வாள். நான் மைதானத்தில் அந்தப் பெண்களைப் பார்த்து "ஏன்மா கூன் போடறே?" என்று கேட்டிருக்கிறேன். வீட்டில் ஒரு கட்டளை, மைதானத்தில் இன்னொரு கட்டளை. நடுவில் அவர்கள் கழுத்து.

இனி நான் சொல்ல வேண்டிய கதை.

1979. நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம். அந்த வருடம் முதலாண்டு மாணவர்கள் அத்தனை பேருக்கும் தோற்றச் சோதனை வைப்பதென்று முடிவு செய்தேன். யாரும் என்னை வைக்கச் சொல்லவில்லை. படித்த வித்தையைக் காட்ட வேண்டும் என்ற ஆசை. மைதானத்து வேப்பமரத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தி, தரத்தை உரக்கச் சொல்ல, ஒரு மாணவன் நோட்டில் எழுதுவான்.

காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு பையன். நெட்டையாக, ஒல்லியாக இருப்பான். தலை முன்னால் நீண்டு, தோள் வளைந்து நின்றான். நூலுக்கும் அவன் காதுக்கும் நாலு விரல் இடைவெளி. "டி" என்று சொல்லியிருந்தால் போதும். நான் அதோடு விடவில்லை. "என்னடா, கேள்விக்குறி மாதிரி நிக்கிறே?" என்றேன். மைதானமே சிரித்தது. அவனும் சிரித்தான்.

அன்று முதல் அவன் பெயர் கேள்விக்குறி. வகுப்பில், விடுதியில், கேன்டீனில், மூன்று வருடமும் அதுதான் பெயர். சைக்கிள் சீட்டில் யாரோ சாக்பீஸால் அந்தக் குறியைப் போட்டு வைத்திருந்ததை நானே பார்த்தேன். விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். அவன் அதன் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. பொருளாதார ஆசிரியர் ஒருமுறை என்னிடம், "நல்லா எழுதறான், ஆனா வாயைத் திறக்க மாட்டேங்கறான். கேள்வி கேட்டா எழுந்து நின்னு தரையைப் பாக்கறான்" என்றார். "கூச்ச சுபாவம்" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

மூன்றாம் ஆண்டில் வேறொரு வேலையாக அவர்கள் தெருவுக்குப் போக நேர்ந்தது. வாசலில் நின்று விசாரித்துக்கொண்டிருந்தபோது உள்ளே குழித்தறியின் சத்தம். எட்டிப் பார்த்தேன். அப்பா ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கோர்வைப் புடவைக்கு உடம்பும் கரையும் வேறு வேறு நிறம். இரண்டு பேர் உட்கார்ந்து நாடாவை மாற்றி மாற்றி விட வேண்டும். பாவில் ஓர் இழை அறுந்தாலும் கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து முடிய வேண்டும். விடியற்காலை நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை தறி, பிறகு கல்லூரி, சாயங்காலம் திரும்பியதும் மறுபடி தறி. பத்து வயதிலிருந்து. லீவு நாளென்றால் பகல் முழுக்க. அந்த நேரம் பார்த்து முதலாளி வீட்டு ஆள் வந்தான். அவன் அப்பா எழுந்து வந்து, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து நின்று பேசினார். பையன் தறிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். "வரேன்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஒரு வாத்தியார் மாணவனிடம் போய் மன்னிப்புக் கேட்பது அந்தக் காலத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

2011-இல், நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்தில் தலை நரைத்த ஒருவர் வந்து "சார், வணக்கம்" என்றார். அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னார், அப்போதும் தெரியவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே, "கேள்விக்குறி சார்" என்றார். எனக்குக் கையில் பிடித்திருந்த காபி ஆறிப்போனது. கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்ப்பதாகவும் இரண்டு பெண்களும் படித்து நல்ல நிலையில் இருப்பதாகவும் சொன்னார். நேராகத்தான் நின்றார். என்ன பேசுவதென்று தெரியாமல், "கழுத்தெல்லாம் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"தறியை விட்டு ரெண்டு வருஷத்துல கழுத்து வலி போயிடுச்சு சார். அந்தப் பேரு உள்ளேருந்து போகப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. இன்டர்வியூவுக்குப் போனா, கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி அதுதான் சார் ஞாபகம் வரும்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்பது போலச் சொன்னார். அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருடம் தாமதம்.

பேத்தியின் வார்த்தை இதைத்தான் கிளறிவிட்டது. அதனால்தான் இன்றைய மருத்துவ ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் தேடினேன். போனைப் பார்க்க அறுபது டிகிரி குனிந்தால் கழுத்தில் இருபத்தேழு கிலோ பாரம் விழுகிறது என்று வாட்ஸ்அப்பில் நமக்கெல்லாம் படம் வந்திருக்கும். 2014-இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் கணினியில் போட்ட கணக்கு அது. கணக்கு மட்டும்தான், மாணவர்களைச் சோதித்துக் கண்டது அல்ல. பிறகு பிரேசிலின் ரியோ நகரத்தில் 18 முதல் 21 வயது வரை உள்ள 150 பேரை நேரில் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், போனைக் குனிந்து பார்ப்பதற்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவில் 17 வயதுப் பிள்ளைகள் 1,108 பேர் உட்காரும் விதத்தைப் படம் எடுத்து ஆராய்ந்தார்கள், 2016-இல் வெளியானது. கூன் போட்டு உட்காருபவர்களுக்கும் நிமிர்ந்து உட்காருபவர்களுக்கும் கழுத்து வலியில் வித்தியாசம் இல்லை. ஆனால் கூன் போட்டு உட்காருபவர்களிடம் மனச்சோர்வு அதிகம் தென்பட்டது. அதே பிள்ளைகளை ஐந்து வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது, பெண்களில், நிமிர்ந்து உட்கார்ந்தவர்களைவிடத் தளர்ந்து உட்கார்ந்தவர்களுக்கு நீடித்த கழுத்து வலி குறைவாகவே இருந்தது. என் முப்பத்து நாலு வருட உபதேசத்தை இரண்டு வரியில் கவிழ்த்துவிட்டார்கள்.

ஒரே நிலையில் அசையாமல் மணிக்கணக்கில் இருப்பது, தூக்கமின்மை, மன இறுக்கம், உடற்பயிற்சி இல்லாமை இவையெல்லாம் சேர்ந்துதான் இளவயதில் கழுத்து வலி வருகிறது என்று இப்போது சொல்கிறார்கள். ராமஸ்ஸினியின் மூன்றாவது காரணம் திரும்பி வந்துவிட்டது.

தன்னம்பிக்கை விஷயமும் இங்கேதான் வருகிறது. 1977-இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர், 'இதை என்னால் செய்ய முடியும்' என்று ஒருவர் நம்புவது அவர் செய்யும் காரியத்தையே மாற்றுகிறது என்று எழுதினார். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் நிக்கலஸ் அதை வலிக்குப் பொருத்தி ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். பத்தே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண். வலி எவ்வளவு என்று அது கேட்பதில்லை. வலி இருக்கும்போதும் வீட்டு வேலையைச் செய்ய முடியும் என்று நம்புகிறாயா, நண்பர்களோடு பழக முடியும் என்று நம்புகிறாயா என்கிற மாதிரிக் கேட்கிறது. தூக்குக்குண்டுக்குப் பதிலாக இதை நான் கையில் வைத்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன்.

பேத்தியை எங்கள் ஊர் பிசியோதெரபி பெண்ணிடம் அழைத்துப் போனோம். சின்ன வயது, பொறுமையாகப் பேசினாள். கை மரத்துப்போகிறதா, பிடியில் பலம் குறைந்திருக்கிறதா, எங்கேயாவது விழுந்தாயா, காய்ச்சல் உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; நம் வயதுக்காரர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இவளுக்கு ஒன்றும் இல்லை. பட்டையைக் கழற்றச் சொன்னாள். நாள் முழுக்கப் போட்டிருந்தால் தசை சோம்பிவிடுமாம். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நட, எப்படி வேண்டுமானாலும் உட்கார், ஆனால் ஒரே மாதிரி உட்காராதே என்றாள். பிறகு என்னை வெளியே இருக்கச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் பேத்தியை ஏரிக்கரைக்கு நடக்கக் கூட்டிப் போனேன். ஒன்றும் கேட்பதில்லை, உபதேசம் பண்ணுவதில்லை என்று முடிவு. மதகுப் பக்கம் வந்ததும் அவளே ஆரம்பித்தாள். இரண்டு பேப்பரில் அரியர். அப்பா அம்மாவிடம் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியம்; இங்கே வகுப்பில் ஒரு கேள்விக்கு எழுந்து பதில் சொன்னபோது உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு எழுந்திருப்பதில்லை. இரவு இரண்டு மணிவரை கட்டிலில் சாய்ந்து நோட்ஸ் பார்ப்பது, விடியும்போது கழுத்து பிடித்துக்கொள்வது. ஆறு மாதமாக இதுதான்.

சிரித்தது யாரென்று நான் கேட்கவில்லை. அந்த வகுப்பில் ஆசிரியர் இருந்திருப்பார். அவர் என்ன செய்தார் என்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க உரிமை இல்லை. அதற்குப் பதிலாக, வேப்பமரத்தடியில் நான் ஒரு பையனுக்கு வைத்த பெயரைப் பற்றி அவளிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். கல்யாண மண்டபம் வரை. கேட்டுவிட்டு, "நீங்களா தாத்தா?" என்றாள்.

"நான்தான்."

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம். பிறகு, "அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அவளே சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மகன் முதலில் குதித்தான், பிறகு அடங்கினான். அரியர் என்பது உலகம் முடிந்துபோவதல்ல. அவனுக்கே மூன்று இருந்தது, என் மனைவி அதை ஞாபகப்படுத்தினாள்.

தை மாதம் தொலைபேசியில் பேசினபோது, கழுத்து எப்படி என்று கேட்டேன். "இருக்கு தாத்தா, முன்ன மாதிரி இல்ல" என்றாள். ஒரு பேப்பர் தேறிவிட்டது. இன்னொன்று பாக்கி. வகுப்பில் எழுந்து பேசுகிறாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது அவளே சொல்வாள்.

நிமிர்ந்து உட்கார் என்று மட்டும் இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை.